உச்சிமாகாளியின் இடுப்புத் துப்பாக்கி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய கப்பல் தகடு விற்கும் உச்சிமாகாளிக்கு இரும்பைக் கண்டால் மட்டும்தான் பயமில்லை. மற்றபடி பல்லிக்குப் பயம், லிஃப்ட்டுக்குப் பயம், ஊசி போடும் நர்ஸுக்குப் பயம், பின்னால் வந்து ஹாரன் அடிக்கும் கன்டெய்னர் லாரிக்குப் பயம். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் கூடவே கொஞ்சம் தைரியத்தையும் வைக்க மறந்துவிட்டார்கள். திசையன்விளைப் பக்கத்திலிருந்து மாமா கடைக்கு வேலைக்கு வந்தவர், மாமா மகள் செல்வக்கனியைக் கட்டினார், தனிக்கடை போட்டார், தலையும் நரைத்துவிட்டது. ஆனால் மார்க்கெட்டில் அவரை யாரும் முதலாளி என்று கூப்பிடவில்லை. 'தகடு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, மகளுக்கு மாப்பிள்ளை தேடும் வயது. வியாசர்பாடிக்காரர். மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கெல்லாம் தலைவர். "யோவ் தகடு, லாரி வந்துகினு கீது, ஓரமா நில்லு" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் உச்சிமாகாளி தன் சொந்தக் கடை வாசலிலேயே ஓரமாக நிற்பார். எதிரில் நேற்றுக் கடை போட்ட பொடியனுக்குக்கூட முதலாளிப் பட்டம் கிடைத்துவிட்டது. உச்சிமாகாளிக்கு இது நெஞ்சை அரித்தது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "தகடாம்லா" என்பார். "தகடு விக்கவங்களத் தகடுன்னு சொல்லாம தங்கம்னா சொல்லுவாவ? ரசம் ஊத்தட்டா?" என்பாள் செல்வக்கனி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம் மணலி ரோட்டில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பையில் இருந்தது டிபன் கேரியரும் மிச்சம் வைத்த கோவைக்காய்ப் பொரியலும். அதைத் திருடியவன் கதி என்ன ஆனதோ, செல்வக்கனியின் கோவைக்காயைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் உச்சிமாகாளி வாயில் அந்தக் கதை நாளொரு சுற்றுப் பெருத்தது. இரண்டு பேர் நாலு பேரானார்கள், கையில் அரிவாள் முளைத்தது. அவரே அதை நம்பிவிட்டார். அலையாய் அலைந்து, பார்க்காத ஆளையெல்லாம் பார்த்து, தற்காப்புக்கென்று உரிமம் வாங்கி, ஒரு சின்னக் கைத்துப்பாக்கியும் வாங்கிவிட்டார்.

விற்ற கடைக்காரர், "அண்ணாச்சி, உள்ளங்கை அளவுதான். சட்டைக்குள்ள சொருகினா இருக்கிறதே யாருக்கும் தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். உச்சிமாகாளிக்கு முகம் சுண்டிவிட்டது. தெரியாமல் போவதற்கா இந்தப் பாடு? நேராகத் துணிக்கடைக்குப் போய், போட்டால் உள்பனியனில் இருக்கும் ஓட்டைகூடத் தெரிகிற மெல்லிய வெள்ளைச் சட்டையாக அரை டஜன் வாங்கினார். மறைத்து வைப்பதற்கென்றே செய்த சாமானை ஊருக்கே தெரியும்படி மறைத்து வைக்க இவ்வளவு பாடுபட்ட ஆள் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

பலன் கைமேல் கிடைத்தது. வேட்டி மடிப்புக்கு மேலே அந்தப் புடைப்பு தெரிந்த அன்றைக்கே மார்க்கெட்டில் அவருக்கு முன்னால் வழி விலகியது. கம்பி தூக்கி வந்தவர்கள் கம்பியோடு நின்று அவர் போகட்டும் என்று காத்தார்கள். எடை போடும் இடத்தில் தகராறு வந்தால் அவர் வாய் திறக்க வேண்டாம், சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டால் போதும். சின்னப்பையனே இரண்டு அடி பின்னால் நகர்ந்து, "சொல்லு மொதலாளி" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட அன்று உச்சிமாகாளி வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். அன்றிலிருந்து அவர் வாழ்ந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான். துப்பாக்கி போனால் முதலாளி போய்விடும், மறுபடியும் தகடுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு சங்கடம். அந்தத் துப்பாக்கி சுடாது. சுடவே சுடாது என்று சொன்னால் பொய். மனசு வந்தால் சுடும். பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் தோட்டா பாய்ந்தது, இரண்டாவது பாய்ந்தது, மூன்றாவது பாதி வெளியே பாதி உள்ளே என்று வாசலில் நின்றுகொண்டது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின், உட்கார்ந்தால் தானாகக் கழன்று வேட்டிக்குள் இறங்கிவிடும். ஒருநாள் கண்ணாடி முன்னால் வேகமாக உருவிப் பார்த்தார். துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் குட்டிச் சுத்தி அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டது. செல்வக்கனி காய் நறுக்கும் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்து அவரை விடுவித்தாள். "திருடன் வந்தா கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க, நான் கத்தி எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

வியர்வையும் கடல் காற்றும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து துரு வேறு பிடித்தது. வாழ்நாளெல்லாம் துருவை எடை போட்டு விற்றவருக்கு இடுப்புக்குள்ளேயே துருப்பிடித்தது. தேங்காய் எண்ணெய் விட்டார், மார்கழியில் உறைந்தது. மெஷின் ஆயில் விட்டார், வெள்ளைச் சட்டை ஆறும் நாசமானது. ரிப்பேருக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்தக் கடைக்காரர் எதிர்க்கடைப் பொடியனுக்குச் சொந்தக்காரர். காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் மார்க்கெட் சிரிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டார்.

போன ஆயுத பூஜையில்தான் வினை வந்தது. மார்க்கெட்டில் அன்றைக்குக் கடைக்குக் கடை கொண்டாட்டம். எடை மெஷின், கேஸ் கட்டர், கிரேன் கொக்கி, சம்மட்டி எல்லாவற்றையும் கழுவிச் சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி வரைக்கும் எதையும் தொட மாட்டார்கள். வருஷா வருஷம் பூஜை அன்றைக்கு மட்டும் பீரோவில் கிடக்கும் துப்பாக்கியை இந்த வருஷம் பூஜையில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று உச்சிமாகாளிக்கு ஆசை வந்துவிட்டது. தோட்டாவை எடுத்துவிட்டுச் சம்மட்டிக்கும் கேஸ் கட்டருக்கும் நடுவில் பட்டுத்துணி விரித்து வைத்தார். உண்மையான ஆயுதம் என்று அந்த வரிசையில் இருந்தது அது ஒன்றுதான், அதற்கு நிறைவாகச் செய்ய வேண்டாமா? செல்வக்கனி பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளி அள்ளி இட்டார். கைப்பிடியில் ஒன்று, குழல் வாயில் ஒன்று, மேல்பாகத்தில் தோட்டா வெளியே வரும் பொந்தில் தாராளமாக ஒன்று.

ராத்திரி முழுக்க அது காய்ந்தது. மறுநாள் காலை எல்லோரும் அவரவர் சாமானை எடுத்து ஒரு தட்டுத் தட்டி வேலை தொடங்கினார்கள். சின்னப்பையனும் ஆட்களும் பொரிப் பொட்டலத்தோடு நின்று பார்க்க, உச்சிமாகாளி ஈரத்துணியால் துப்பாக்கியைத் துடைத்தார். மேகசினை உள்ளே தள்ளினார். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. விட்டார். ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், 'கரக்' என்றது. அவ்வளவுதான், அப்புறம் அது அசையவில்லை. தோட்டா குழலுக்குள், குட்டிச் சுத்தி ஓங்கியபடி, பாதுகாப்புப் பொத்தான் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் சந்தனத்துக்குள் சமாதி. உச்சிமாகாளி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை மெதுவாக இடுப்பில் சொருகிக்கொண்டார்.

குழல் எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்லத் தேவையில்லை. கீழே பார்த்தது.

அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை. கடையில் நின்றார், வீட்டில் நின்றார், ஸ்கூட்டரில் பாதி எழுந்த மாதிரி போனார். வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றால் செல்வக்கனி பீரோக் கதவைச் சாத்துகிற சாத்தில் பக்கத்து வீட்டுக் காலண்டர் கீழே விழும். புடைப்பில்லாமல் மார்க்கெட்டுக்குப் போவதோ நடக்காத காரியம். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தவணை முறையில் இருமினார். செல்வக்கனி கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வாழைப்பழமும் நாட்டு மருந்து லேகியமும் கொண்டுவந்து முன்னால் வைத்து, "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எங்க அப்பாவுக்கும் மூலம் இருந்திச்சி" என்றாள். மறுத்துச் சொல்ல வழியில்லாமல் உச்சிமாகாளி லேகியத்தைச் சாப்பிட்டார்.

இடையில் சந்தனத்தை இளக்க நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். சந்தனம் இளகவில்லை, எறும்பு வந்தது. அது வந்த நேரமும் பார்த்து வந்தது. எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்காரரோடு எடையில் எவ்வளவு கழிப்பது என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு படையே துப்பாக்கியை விட்டு இறங்கி இடுப்புக்குக் குடிபெயர்ந்தது. சொறியக்கூடாது, துள்ளக்கூடாது, தட்டக்கூடாது. உச்சிமாகாளி பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, முகம் சிவந்து, அசையாமல் நின்றார். லாரிக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார், சட்டைப் புடைப்பைப் பார்த்தார். "சரி மொதலாளி, நீ சொல்ற எடையே இருக்கட்டும், எதுக்கு டென்ஷன்" என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த மாதங்களில் சென்னையிலேயே தைரியசாலி உச்சிமாகாளிதான் என்று நான் சத்தியம் செய்வேன். உயிரை இடுப்பில் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தவர் வேறு யார்?

பங்குனியில் சட்டமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்தபிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதுவும் தோட்டாவை எடுத்துக் காலி செய்துதான் கொடுக்க வேண்டும். முந்தைய தேர்தல்களில் உச்சிமாகாளி காலியாகவே கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை ஏதோ சாக்குச் சொல்லி ஊரில் போய் இருந்துவிட்டார், இப்போதோ உள்ளே தோட்டா. போகாவிட்டால் உரிமம் போகும். போய் உண்மையைச் சொன்னால் மானம் போகும். காலிதான் என்று சொல்லி நீட்டிவிடுவோம், இரண்டு மாதம் லாக்கரில் தூங்கட்டும், திரும்பி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார். ஸ்கூட்டரும் அன்றைக்கென்று பஞ்சர். "நான் இட்டுகினு போறேன் மொதலாளி, குந்து" என்று சின்னப்பையன் பைக்கை நிறுத்தினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றாமல் உச்சிமாகாளி பின்னால் பாதி எழுந்தபடியே தொற்றிக்கொண்டார். போகும் வழியெல்லாம் சின்னப்பையன் பெட்ரோல் டாங்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு ஓட்டினார். எதற்கு இப்படி என்று உச்சிமாகாளிக்கு அப்போது புரியவில்லை.

ஸ்டேஷன் வராந்தாவில் ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் எபினேசர், மார்த்தாண்டத்துக்காரர், கடலோரம் ஐஸ் பாக்டரி வைத்திருப்பவர். இன்னொருவர் ரசூல் பீவி, தோல் கிடங்கு வைத்திருந்த கணவர் காலமானபிறகு அவருடைய துப்பாக்கிக்கு வாரிசு. மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. சர்க்கரை நோய் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்கள் மாதிரி மூன்று பேரும் அவரவர் சாமானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்க சாதனம் ஓய், வெண்ணெய் கணக்கா வேல செய்யும். ஒரு குறை சொல்லப்பிடாது" என்றார் எபினேசர்.

"நம்மது இடுப்புல இருக்கதே தெரியாது" என்றார் உச்சிமாகாளி, நின்றபடியே.

"எங்க வூட்டுக்காரரு துப்பாக்கியப் புள்ள மாதிரி வெச்சிருந்தாரு. இப்பவும் ஜோராத்தான் கீது" என்றார் ரசூல் பீவி, டப்பாவைத் தட்டிக்கொடுத்து.

தூணில் சாய்ந்துகொண்டிருந்த சின்னப்பையன் தூணுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டார்.

ரைட்டர் செங்குட்டுவன் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர், மூன்றாவது நாளாக இதே வேலை, தூக்கம் போதாமல் கண் சிவந்திருந்தது. பேனாவைத் தேடினார், காதிலேயே இருந்தது, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி. காலி பண்ணிட்டீங்களா?"

"காலிதான் ஐயா" என்று உச்சிமாகாளி மேகசினைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் மேசையில் வைத்தார். குரல் ஆடாமல் வந்துவிட்டது. சின்னப்பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் ஒரு கையெழுத்து, அதோடு முடிந்துவிடும், முதலாளி முதலாளியாகவே வீடு திரும்பலாம்.

"நம்பரே தெரியலையே, என்ன இது மஞ்சளா அப்பிக் கெடக்கு" என்று செங்குட்டுவன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். திருப்பினார். கட்டை விரலால் சுரண்டினார். "குழல்லயும் இருக்கே" என்று சொல்லி, குழல் வாயை நேராகக் கண்ணுக்குக் கொண்டுபோய் உள்ளே பார்த்தார். இன்னொரு விரல் பிடிக்க இடம் தேடி விசைப் பக்கம் போனது.

உச்சிமாகாளி அந்த விரலையே பார்த்தார். பேசாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. இத்தனை மாதம் ஆகவில்லையே. ஆறு வருஷம் கட்டிக் காத்த பெயர் ஒரு பக்கம். இப்போதுதான் சிரித்த அந்தச் சிவந்த கண் ஒரு பக்கம். பயந்தாங்கொள்ளியாகவே பிறந்து வளர்ந்த அந்த மனிதர் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"ஐயா, கண்ண எடுத்துருங்க. உள்ள ஒண்ணு கெடக்கு. சந்தனத்துல மாட்டிக்கிடுச்சி. எனக்கு எடுக்கத் தெரியல."

செங்குட்டுவன் கண்ணை எடுத்தார். துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்தார். அது சும்மா இல்லாமல் அரை வட்டம் திரும்பி இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்து நின்றது. அறையிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். அடுத்த நிமிஷம் ஸ்டேஷனில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. வழக்கில் பிடித்துப் போட்ட ஆட்டோக்களுக்குப் பின்னால் சட்டம் ஒழுங்கு முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. மாதக்கணக்குக்குப் பிறகு உச்சிமாகாளியும் உட்கார்ந்தார். பக்கத்தில் யார் என்று பார்த்தால் சின்னப்பையன்.

"எனுக்குத் தெரியும் மொதலாளி" என்றார் சின்னப்பையன்.

"என்ன தெரியும்?"

"அது மாட்டிக்கினது. ஆயுத பூஜைக்கு மறுநாளே தெரியும். மார்க்கெட்டுக்கே தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா இன்னா?"

உச்சிமாகாளி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "பெறவு எதுக்கு எல்லாரும் வழிவிட்டீய?"

"இன்னா கேள்வி இது. வெடிச்சா யாரு மேல பாயும்னு ஒனுக்கே தெரியாது. நாங்கல்லாம் புள்ளகுட்டிக்காரனுங்கோ. ஒதுங்காம இன்னா பண்றது?"

"அதுக்கு முன்னாலயும் விட்டீயளே. ஆறு வருசமா."

"அதுக்கு முன்னாடி மட்டும் அது ஒயுங்காவா இருந்திச்சி? குந்தும்போதெல்லாம் வேட்டிக்குள்ளேந்து எதாச்சும் வுயும். பாக்கச்சொல்லவே பேஜாரா இருக்கும்."

"மொதலாளின்னு கூப்பிட்டது?"

சின்னப்பையன் ஆட்டோச் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார். "தகடுன்னா நீ கோச்சிக்குவ. கோச்சிக்கினு குதிச்சின்னா அது கீழ வுயுந்துடுமே. அதான்."

உச்சிமாகாளிக்கு அழுகை வந்தது. மானம் போகும் என்று பயந்தவருக்கு, போவதற்கு மானம் என்று ஒன்று வந்திருக்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. ஆறு வருஷமும் அவருக்கு விலகிய வழி, தெருவில் வெறிநாய் வந்தால் விலகுகிற வழிதான். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சின்னப்பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாக்கெட்டிலிருந்து ஒரு பாக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

ஆயுதப்படையிலிருந்து ஒருவர் சின்னப் பெட்டியோடு வந்துசேர வெகு நேரமாயிற்று. மண் நிரப்பிய டிரம்முக்கு முன்னால் துப்பாக்கியைப் பிடித்து, எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் தட்டி, கடைசியில் மேல்பாகத்தை இழுத்தார். பச்சைக் களிம்பு பூத்த தோட்டா ஒன்று பெரிய மஞ்சள் கட்டியோடு வெளியே விழுந்தது. வராந்தா முழுக்கச் சந்தன வாசம். "நல்ல சந்தனம்" என்று ரசூல் பீவி பாராட்டினார்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. எபினேசர் தொண்டையைச் செருமினார். "ஓய், நான் கள்ளம் சொல்லப்பிடாது. எனக்கதும் ஒண்ணு சுட்டா ஒண்ணு சுடாது. ஒருக்கா கோயில்ல முட்டுப்போட்டு ஜெபம் பண்ணும்போ மேகசின் கழண்டு பெஞ்சுக்கு அடியில உருண்டு போச்சு. பாஸ்டர் பிரசங்கத்த நிறுத்திப்போட்டாரு." ரசூல் பீவி எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். பூச்சி வராமலிருக்கக் காய்ந்த மிளகாயும் கிராம்பும் போட்டு, நடுவில் துருவே உருவாக ஒரு கட்டி. "எது முன்பக்கம்னு நீதான் பாத்துச் சொல்லணும் தம்பி" என்று செங்குட்டுவனிடம் நீட்டினார். செங்குட்டுவன் வாங்கவில்லை. டிரம்முக்கு மேலேயே வைக்கச் சொன்னார்.

மறுநாள் உச்சிமாகாளி வெறும் இடுப்போடு மார்க்கெட்டுக்குப் போனார். யாரும் விலகவில்லை. கம்பி தூக்கி வந்தவன், "யோவ் தகடு, நவுரு" என்றான். அவர் நகர்ந்தார். கடைக்குள் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. ஊருக்கே போய்விடலாமா என்று செல்வக்கனியைக் கேட்டார். "ஊர்ல மட்டும் உங்களுக்கு யாரு தேர் இழுக்கா?" என்றாள் அவள். ஆனால் அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த தோசை சுட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சின்னப்பையன் கடைக்கு வந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராஜாத்தி, கையில் தட்டு, தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை. உச்சிமாகாளி எழுந்து நின்றார். சின்னப்பையன் எப்போதும் நிற்கிற இரண்டு அடி தூரத்தில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து எடை மெஷின் மேலேயே உட்கார்ந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம். யசோதராவுக்கு. நீயும் அண்ணியும் மொத ஆளா வந்து நிக்கணும்."

உச்சிமாகாளி பத்திரிகையை வாங்கித் தேதியைப் பார்த்தார். சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும் நாள். "என்ன அவசரம், ஆவணியில வைக்கலாம்லா?"

சின்னப்பையன் ராஜாத்தியைப் பார்த்தார். ராஜாத்திதான் சொன்னார். "ஆவணின்னுதாங்க பேசிக்கினு இருந்தோம். பொண்ணு கேக்கல. சின்னதுல அவங்க நைனாகூட இங்க வரச்சொல்ல நீங்க ஊர்லேந்து வர்ற சில்லுக் கருப்பட்டி குடுப்பீங்களாமே. தகடு மாமா வராம கல்யாணம் வேணான்னுட்டா. ஆனா அத்த இடுப்புல கட்டிக்கினு நீங்க மண்டபத்துக்கு வந்தா சனம் எப்டிங்க குந்தும்? அதான், ரிசல்ட்டு வந்து ஸ்டேஷன்ல திருப்பிக் குடுக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு வெச்சிக்கினோம்."

உச்சிமாகாளி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் மார்க்கெட்டில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. ஒன்றுக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. பெரிய ஆள் ஆகிவிட்டோம், கூப்பிடக் கூசுகிறார்கள் என்று நினைத்துத் தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சின்னப்பையன் மட்டுமில்லை. துப்பாக்கி திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தது மொத்த மார்க்கெட்டும். எதிர்க்கடைப் பொடியன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினான். கிரேன் ஓட்டுகிறவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. டீக்கடைக்காரர் கடை ஆரம்பித்த நாளைத் திடீரென்று ஞாபகப்படுத்திக்கொண்டு பிரியாணி போட்டார். வாக்குப்பதிவுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் நடுவில் அந்த வட்டாரத்தில் அத்தனை விசேஷம் அதுவரை நடந்ததில்லை. செல்வக்கனிக்குப் பட்டுச்சேலையை மடித்து வைக்க நேரமில்லை.

யசோதரா கல்யாணம் வியாசர்பாடியில் புத்தர் படத்துக்கு முன்னால் நடந்தது. உச்சிமாகாளி சில்லுக் கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுபோயிருந்தார். மணப்பெண் மேடையிலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மாமா, பக்கத்துல வா" என்று போட்டோவுக்கு இழுத்து நிறுத்தினாள். இந்தப் பக்கம் லோடு ஆட்கள் நாலு பேர், அந்தப் பக்கம் ராஜாத்தியின் அக்கா தங்கைகள் என்று எல்லோரும் அவரை நெருக்கினார்கள். யாருடைய முழங்கையோ அவர் விலாவில் இடித்தது. யாருடைய குழந்தையோ அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது. போட்டோ எடுத்து முடிந்தபிறகும் அவர் அங்கிருந்து நகரவில்லை. வெளியே டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்ததும் சின்னப்பையன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதுவரை வாழ்நாளில் ஆடியிராத உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் குதித்தார். செல்வக்கனி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

தேர்தல் முடிவு வந்தது. யார் ஜெயித்தார்கள் என்று உச்சிமாகாளி பார்த்தாரோ இல்லையோ, மறுவாரம் செங்குட்டுவனிடமிருந்து போன் வந்தபோது அவர் முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, எல்லாம் முடிஞ்சிடுச்சு. வந்து உங்க பொருளை எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஐயா, அடுத்த எலெக்‌ஷன் எப்போ?"

"உள்ளாட்சித் தேர்தல் வரும்னு பேசிக்கிறாங்க. தேதி ஒண்ணும் சொல்லல. எதுக்குக் கேக்குறீங்க?"

"அப்போ அது வரைக்கும் அங்கயே கெடக்கட்டுமே."

"எல்லாரும் இதையே சொன்னா எப்படி அண்ணாச்சி? ஐஸ்காரர் போனையே எடுக்க மாட்டேங்கிறாரு. அந்தம்மா டப்பாவை மட்டும் திருப்பிக் குடுங்கன்னு கேக்குது. எங்க லாக்கர்ல இடமில்ல. உங்களுக்குப் பாதுகாப்புக்குன்னுதானே உரிமம் குடுத்திருக்கு. வந்து வாங்கிக்கிட்டுப் போங்க."

உச்சிமாகாளி கடை வாசலைப் பார்த்தார். யாரோ லாரிக்குப் பின்னால் நின்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஆவணியில மார்க்கெட்டுல ரெண்டு கல்யாணம் இருக்கு. அதுக்குள்ள அத என் கையில குடுத்துட்டீயன்னா என்னைய யாரும் கூப்பிட மாட்டாவ" என்று கெஞ்சினார்.